முள் ஒன்று சொல்லும், நோட்டு ஒன்று சொல்லும்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான். டேங்க் எவ்வளவு பிடிக்கும், அதில் எவ்வளவு தூரம் போகலாம், சொன்ன தூரம் ஏன் போக மாட்டேன் என்கிறது. பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது என்கிறார், இன்னொருவர் முதலாளிக்கு. அதனால் யார் பெயரையும் போடவில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி. நான் 31 வருடம் பட்டறையில் கிரீஸ் கையோடு இருந்தவன், இப்போது ஓய்வு. என் சொந்த வண்டிக்கு ஒவ்வொரு தடவை பெட்ரோல் போடும்போதும் தேதி, கிலோமீட்டர், லிட்டர் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பேன். கீழே ‘நோட்டு’ என்று வரும் இடமெல்லாம் அதுதான்.

கேள்வி: ஐயா, என் காரின் கையேட்டில் டேங்க் கொள்ளளவு 37 லிட்டர் என்று இருக்கிறது. போன வாரம் 38.4 லிட்டர் போட்டதாக ரசீது தந்தார்கள். 37 லிட்டர் டேங்க்கில் 38.4 எப்படி ஏறும்? சண்டை போடலாமா?

பதில்: சண்டைக்குப் போகும் முன் ஒன்றை நினைவுபடுத்திப் பாருங்கள். பங்க்குக்குள் நுழைந்தபோது முள் எங்கே இருந்தது?

அடியோடு அடியாகக் கிடந்தது என்றால் 38.4 நம்பக்கூடியதுதான். கையேட்டில் போட்டிருப்பது டேங்க்கின் முழு வயிறு அல்ல. பெட்ரோல் சூட்டில் விரியும். 40 லிட்டர் பெட்ரோல் 10 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 0.4 லிட்டர் கூடிவிடும். ஆவி நிற்கவும் இடம் வேண்டும். அதற்காக மேலே கொஞ்சம் காலியாக விட்டுவிட்டு, மீதியைத்தான் கொள்ளளவு என்று எழுதுகிறார்கள். அப்புறம், மூடி இருக்கும் வாயிலிருந்து டேங்க் வரை இறங்கும் குழாய் இருக்கிறதே, அதுவே ஒரு லிட்டர் அளவுக்கு விழுங்கிக்கொள்ளும். ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று வாய் வரை நிரப்பச் சொன்னால் கையேட்டைத் தாண்டத்தான் செய்யும்.

முள் கால் டேங்க்கில் இருந்தது என்றால் கதையே வேறு. உள்ளே 9 லிட்டர் சொச்சம் இருந்திருக்க வேண்டும், 28க்குப் பக்கத்தில்தான் ஏறியிருக்க முடியும். அப்போது தாராளமாகச் சண்டை போடுங்கள். என் வாழ்த்துகள்.

கேள்வி: பெட்ரோல் போடும்போது ‘டக்’ என்று தானாக நின்றபிறகும், தொகை முழு எண்ணாக வரட்டும் என்று இரண்டு மூன்று தடவை அழுத்திப் போடுகிறார்கள். நல்லதா, கெட்டதா?

பதில்: கெட்டது. முதல் ‘டக்’குக்கே வண்டியின் வயிறு நிறைந்துவிட்டது. அதற்குமேல் ஊட்டக்கூடாது.

அந்த ‘டக்’ எப்படி வருகிறது என்பது ஒரு அழகான விஷயம். பலர் உள்ளே ஏதோ மின்சார சென்சார் இருப்பதாக நினைக்கிறார்கள். கிடையாது. டேங்க் வாய்க்குள் விடும் குழாய்மூக்கு, அதாவது நாசிலின் நுனியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அடுத்த தடவை எட்டிப் பாருங்கள். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கைப்பிடிக்குள் போகிறது. பெட்ரோல் வேகமாகப் பாயும்போது அந்த ஓட்டை வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டேங்க் நிறைந்து பெட்ரோல் மேலேறி ஓட்டையை மூடியதும் காற்று வரத்து நிற்கிறது. உள்ளே வெற்றிடம் கூடி ஒரு சவ்வை இழுக்கிறது, சவ்வு விசையைத் தட்டிவிடுகிறது. அவ்வளவுதான், முழுக்க முழுக்க காற்றின் வேலை. நுரை பொங்கினாலும் ஓட்டை அடைபடும். டீசல் போடும்போது சீக்கிரமே ‘டக்’ வருவது பெரும்பாலும் அதனால்தான்.

அழுத்திப் போட்டால் என்ன ஆகும்? பெட்ரோல் ஆவி வெளியே போகாமல் பிடித்துவைக்க, காருக்குள் கரி நிரப்பிய ஒரு டப்பா இருக்கிறது. ‘கேனிஸ்டர்’ என்போம். இன்ஜின் ஓடும்போது அந்த ஆவியை உறிஞ்சி எரித்துக்கொள்ளும். ஆவியைப் பிடிக்க வைத்த கரிக்குள் பெட்ரோலே திரவமாக இறங்கினால் கரி கெட்டுவிடும். அப்புறம் பெட்ரோல் போட்ட உடனே வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், உள்ளே வாடை வரும், இன்ஜின் விளக்கு எரியும். இப்படி வந்த வண்டிகளில் ஓட்டுபவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, ‘முழு எண்ணுக்குப் போடச் சொல்வீர்களா?’ என்பதுதான். பெரும்பாலும் ஆமாம் என்பார்கள்.

கேள்வி: ஃபுல் டேங்க் போட்டபிறகு முள் முதல் 100 கிலோமீட்டருக்கு அசைவதே இல்லை. பாதிக்குக் கீழே வந்ததும் மளமளவென்று இறங்குகிறது. டேங்க்கில் கசிவு இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: கசிவு இருந்தால் மூக்குதான் முதலில் சொல்லும், முள் அல்ல. பயப்படாதீர்கள், எல்லா முள்ளும் கொஞ்சம் இப்படித்தான்.

என் அப்பா லாரி ஓட்டினார். அவர் முள்ளையே பார்க்க மாட்டார். டேங்க் மூடியைத் திறந்து குச்சியை விடுவார், நனைந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு ‘போதும்’ அல்லது ‘போதாது’ என்பார். நீளச் சதுரமான லாரி டேங்க்குக்கு அந்தக் குச்சி கணக்கு சரியாக வரும். கார் டேங்க் அப்படி இல்லை. பின் சீட்டுக்கு அடியில், சைலன்சர் குழாய்க்கும் அச்சுக்கும் வழிவிட்டு, கிடைத்த சந்துபொந்தில் எல்லாம் நுழைந்து கிடக்கும் பிளாஸ்டிக் பை மாதிரி. மேலே அகலம், கீழே குறுகல். உள்ளே ஒரு மிதவை, அதற்கு ஒரு கை, கையின் நுனி ஒரு மின்தடைப் பட்டைமேல் நகரும். மிதவை உயரத்தை மட்டும்தான் பார்க்கிறது. எத்தனை லிட்டர் என்று அதற்குத் தெரியாது. மேலே அகலமாக இருப்பதால் 5 லிட்டர் போனாலும் உயரம் அதிகம் குறையாது, குறுகலான அடியில் அதே 5 லிட்டருக்கு மடமடவென்று இறங்கும். இது போதாதென்று, முழு டேங்க்கில் மிதவை கூரையை முட்டிக்கொண்டு நிற்கும். பெட்ரோல் அதைவிட்டுக் கீழே இறங்கும்வரை முள்ளுக்கு வேலையே இல்லை.

என் நோட்டில், ஃபுல்லிலிருந்து பாதி வரை 310 கிலோமீட்டர் என்றும், பாதியிலிருந்து ரிசர்வ் விளக்கு எரியும் வரை 190 என்றும் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய இதே கதை. நீங்களும் நாலு தடவை குறித்தால் உங்கள் முள்ளின் குணம் தெரிந்துவிடும். தெரிந்தபிறகு பயம் வராது.

இதில் நான் அசடு வழிந்த கதையும் உண்டு. ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து, காலையில் முள் காலி என்று காட்டுகிறது, மதியம் அரை டேங்க் காட்டுகிறது என்றார். மிதவை கெட்டுப்போச்சு என்று டேங்க்கை இறக்கிப் புதுசு போட்டேன். மறுநாள் காலை அதே புகார். நேரில் போய்ப் பார்த்தால், மனிதர் தினமும் வண்டியைச் சரிவான இடத்தில் ஒரு பக்கம் தூக்கினாற்போல நிறுத்துகிறார். பெட்ரோல் முழுக்க ஒரு மூலைக்கு ஓடி, மிதவை தரையில் கிடக்கிறது. வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன். பழைய மிதவை ரொம்ப நாள் என் மேஜைமேல் கிடந்தது.

கேள்வி: டிஸ்ப்ளேயில் இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று ஒரு எண் வருகிறதே, நான் ஓட்ட ஓட்ட அது குறையாமல் ஏறுகிறது! 412 என்று கிளம்பினேன், 40 கிலோமீட்டர் போனபிறகு 455. வண்டி பெட்ரோலைத் தானே உற்பத்தி செய்கிறதா?

பதில்: நெரிசலிலிருந்து வெளியேறி நெடுஞ்சாலைக்கோ, மலையிலிருந்து கீழேயோ வந்திருப்பீர்கள். சரியா?

அந்த எண் டேங்க்கில் இருக்கும் லிட்டரை, சமீபத்தில் வண்டி கொடுத்த மைலேஜால் பெருக்கி வருவது. ‘இவர் இப்போது ஓட்டினமாதிரியே இனியும் ஓட்டுவார்’ என்று வண்டி அனுமானிக்கிறது. நெரிசலில் ஊர்ந்தபோது 11 என்று கணக்கு வைத்திருந்தது, நல்ல சாலைக்கு வந்ததும் 18 ஆனது, எண் ஏறிவிட்டது. இது சந்தோஷமான திசை. எதிர்த்திசையிலும் இதே வேலையைச் செய்யும், அங்கேதான் ஆபத்து.

எனக்கு நடந்தது. ஒரு இரவு, டிஸ்ப்ளேயில் 46 கிலோமீட்டர், அடுத்த பங்க் 30 கிலோமீட்டரில். தாராளம் என்று ஏசியைக்கூட நிறுத்தாமல் போனேன். அதுவரை சமதரை, அதன்பிறகு முழுக்க ஏற்றம், எதிர்க்காற்று வேறு. 24ஆவது கிலோமீட்டரில் இரண்டு தடவை விக்கியது, நின்றுவிட்டது. பட்டறை வைத்திருந்த மனிதன் கேனைத் தூக்கிக்கொண்டு 6 கிலோமீட்டர் நடந்தேன். திரும்பி வந்ததும் வீட்டுக்காரம்மா ஒன்றும் திட்டவில்லை. ‘இதையும் நோட்டுல எழுதுங்க’ என்றாள். எழுதினேன்: ‘46 என்றது, 24 ஓடியது.’

கேள்வி: ரிசர்வ் விளக்கு எரிந்தபிறகு எவ்வளவு தூரம் ஓட்டலாம்? அடிக்கடி அப்படி ஓட்டினால் அடியில் உள்ள கசடு இன்ஜினுக்குப் போகும் என்கிறார்களே?

பதில்: பெரும்பாலான கார்களில் விளக்கு எரியும்போது 5 முதல் 8 லிட்டர் வரை இருக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். அதை உங்கள் மைலேஜால் பெருக்கி, பாதியை மட்டும் நம்புங்கள். 6 லிட்டர், 14 மைலேஜ் என்றால் 84 கிலோமீட்டர் வரும். நான் 40க்குள் பங்க்கைத் தேடிவிடுவேன். நான் ஏன் இப்படி ஆனேன் என்பதை மேலே படித்தீர்கள்.

கசடு கதை பாதிதான் உண்மை. பெட்ரோலை உறிஞ்சும் வாய் எப்போதுமே டேங்க்கின் அடியில்தான் இருக்கிறது. ஃபுல் டேங்க்கிலும் அடியிலிருந்துதான் எடுக்கிறது. எனவே ரிசர்வ் வந்ததும் புதிதாகக் கசடு கிளம்பிவிடாது. உண்மையான சிக்கல் பம்ப். இப்போதைய கார்களில் மின்சாரப் பம்ப் டேங்க்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதைக் குளிர வைப்பதும் அதற்கு மசகு போடுவதும் பெட்ரோல்தான். எப்போதும் குறைவாகவே வைத்து ஓட்டினால் பம்ப் சூடாகி ஆயுள் குறையும். வளைவில் மீதிப் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினால் காற்றை உறிஞ்சும். டீசல் வண்டி என்றால் இன்னும் மோசம். சுத்தமாகக் காலியானால் குழாயில் காற்று புகுந்துவிடும். பல வண்டிகளில் அந்தக் காற்றை எடுத்தால்தான் மறுபடி ஸ்டார்ட் ஆகும். நட்டநடு ராத்திரியில் அது யாருக்கும் பிடித்த வேலை இல்லை.

கேள்வி: மைலேஜைச் சரியாகக் கண்டுபிடிப்பது எப்படி? டிஸ்ப்ளே 17.4 என்கிறது. நண்பன் கணக்குப் போட்டால் 16 வருகிறது. யாரை நம்ப?

பதில்: நண்பனை. அவன் கணக்குப் போட்ட விதம் சரியாக இருந்தால்.

ஃபுல் டேங்க் போடுங்கள், முதல் ‘டக்’கில் நிறுத்துங்கள், ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். வழக்கம்போல ஓட்டுங்கள். அடுத்த தடவையும் முதல் ‘டக்’ வரை போடுங்கள், முடிந்தால் அதே பம்பில், வண்டியை அதே பக்கம் பார்த்து நிறுத்தி. இப்போது ஏறிய லிட்டர்தான் நீங்கள் செலவழித்தது. 512 கிலோமீட்டர், 31.4 லிட்டர் என்றால் 16.3. டேங்க் கொள்ளளவு இந்தக் கணக்கில் வரவே வராது, கவனியுங்கள். ‘என் டேங்க் 37, 500 ஓடியது, ஆகவே 13.5’ என்று பலர் எழுதுகிறார்கள். உள்ளே எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் போடும் கணக்கு அது.

ஒரே ஒரு தடவை போட்டுவிட்டு முடிவுக்கு வராதீர்கள். ஒரு பம்ப் சீக்கிரம் நிற்கும், இன்னொன்று தாமதமாக நிற்கும். அந்த ஒரு லிட்டர் வித்தியாசமே 30 லிட்டரில் 3 சதவீதம். நாலைந்து தடவை தொடர்ந்து குறித்து, மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுங்கள். ஒவ்வொரு மைலேஜையும் கூட்டிச் சராசரி எடுக்கக்கூடாது. ஒரு தடவை 400 கிலோமீட்டருக்கு 20 லிட்டர், அடுத்த 400க்கு 40 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைலேஜ் 20, 10. சராசரி 15 என்பீர்கள். உண்மையில் 800 கிலோமீட்டருக்கு 60 லிட்டர், அதாவது 13.3தான்.

டிஸ்ப்ளே எண் என்பது, இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்து வண்டி போடும் மதிப்பீடு. கொஞ்சம் சந்தோஷமாகவே சொல்லும், என் வண்டியும் 6 சதவீதம் கூட்டித்தான் சொல்கிறது. கிலோமீட்டர் மீட்டரும் சுத்தமான சத்தியவான் அல்ல. டயர் தேயத் தேயச் சக்கரம் சின்னதாகிறது, அதே தூரத்துக்கு அதிகம் சுற்றுகிறது. 6 மில்லிமீட்டர் தேய்ந்த டயரில் மீட்டர் ஏறக்குறைய 2 சதவீதம் கூட்டிக் காட்டும். மைலேஜ் கூடிவிட்டது என்று நாம் மகிழ்ந்திருப்போம்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் மகன் அவன் கார் ‘ஆறரை லிட்டர்’ தருகிறது என்கிறான். அவன் நண்பன் ‘40 மைல்’ என்கிறானாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை, தலையாட்டி வைத்தேன்.

பதில்: மகன் சொல்வது 100 கிலோமீட்டருக்கு 6.5 லிட்டர். 100ஐ 6.5ஆல் வகுத்தால் 15.4, அதுதான் நம் கணக்கில் மைலேஜ். நண்பர் சொல்வது ஒரு காலனுக்கு 40 மைல். அவரிடம் ‘எந்த காலன்?’ என்று கேளுங்கள். அமெரிக்க காலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டர். முதலாவது என்றால் லிட்டருக்கு 17 கிலோமீட்டர், இரண்டாவது என்றால் 14.2தான். பெயர் ஒன்று, சரக்கு வேறு.

மகனின் முறையைக் கிண்டல் செய்யாதீர்கள், செலவு பார்க்க அதுதான் நல்லது. இரண்டு வண்டி இருக்கிறது, ஒன்று 10 தருகிறது, இன்னொன்று 20. முதலாவதை 12 ஆக்கலாம், அல்லது இரண்டாவதை 25 ஆக்கலாம், எது லாபம்? எல்லோரும் 25 என்பார்கள். 1,000 கிலோமீட்டருக்குப் போட்டுப் பாருங்கள். 10ஐ 12 ஆக்கினால் 100 லிட்டர் 83.3 ஆகிறது, 16.7 மிச்சம். 20ஐ 25 ஆக்கினால் 50 லிட்டர் 40 ஆகிறது, 10தான் மிச்சம். அதிகம் குடிக்கும் வண்டியில்தான் முதலில் கை வைக்க வேண்டும்.

கேள்வி: விளம்பரத்தில் 22, என் கையில் 15. இது மோசடி இல்லையா?

பதில்: கோபம் புரிகிறது, ஆனால் பெரும்பாலும் மோசடி இல்லை. அந்த எண் சாலையில் எடுத்தது அல்ல. ஆய்வுக்கூடத்தில் காரை உருளைகள்மேல் நிறுத்தி, ஒரு குறித்த கால அட்டவணைப்படி வேகத்தை ஏற்றி இறக்கி அளப்பது. ஐரோப்பாவில் நெடுங்காலம் இருந்த ‘என்இடிசி’ சோதனையில் மொத்தமே 11 கிலோமீட்டர், சுமார் 20 நிமிடம், சராசரி வேகம் 34க்குள். அவ்வளவு மென்மையாக யார் ஓட்டுகிறார்கள்? அதை மாற்றி 2017இல் ‘டபிள்யூஎல்டிபி’ கொண்டுவந்தார்கள். 23 கிலோமீட்டர், 30 நிமிடம், உச்ச வேகம் 131. இது உண்மைக்குக் கொஞ்சம் பக்கம். இதிலும் ஏசி போடுவதில்லை.

இரண்டு கார்களை ஒப்பிட மட்டும் அந்த எண்ணை வையுங்கள். ஒரே சோதனையில் 22 வாங்கியது 18 வாங்கியதைவிட உங்கள் கையிலும் நல்லதாகவே இருக்கும். அந்த 22ஐ டேங்க்கோடு பெருக்கிப் பயணம் போடாதீர்கள்.

கேள்வி: நெடுஞ்சாலையில் 80இல் போனால் மைலேஜ் கிடைக்கும் என்று அப்பா அதற்குமேல் ஓட்டவே விடமாட்டேன் என்கிறார். 100இல் போனால் அவ்வளவு வித்தியாசமா?

பதில்: தம்பி, அப்பா பக்கம்தான் நான்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80இலிருந்து 100க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, காற்று தள்ளும் விசை 56 சதவீதம் கூடுகிறது. டயர் உராய்வு போன்ற மற்றச் செலவுகள் அப்படி ஏறுவதில்லை, அதனால் மொத்தப் பெட்ரோலும் 56 சதவீதம் கூடிவிடாது. என் வண்டியில் ஒரே சாலையில் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். 80இல் 20.1, 100இல் 16.8. 240 கிலோமீட்டர் பயணத்தில் உங்களுக்கு மிச்சமாவது 36 நிமிடம். அது எதற்குத் தேவை என்பது உங்களுக்கும் அப்பாவுக்கும் உள்ள விஷயம்.

மேலே கேரியரில் பெட்டி கட்டியிருந்தால் இந்தக் கணக்கு இன்னும் கெடும். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் பெரிய கூரைப் பெட்டி 10 முதல் 25 சதவீதம் வரை தின்னும் என்று அமெரிக்க எரிசக்தித் துறையே சொல்கிறது. டிக்கியில் இடம் இருக்கும்போது கூரையில் கட்டாதீர்கள். ஊருக்குப் போய்வந்தபிறகும் காலிக் கேரியரை ஆறு மாதம் சுமந்துகொண்டு திரிபவர்கள் உண்டு. அதுவும் காற்றோடு மல்லுக்கு நின்றுகொண்டேதான் இருக்கும்.

கேள்வி: இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம்தானே?

பதில்: கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை. இப்போதைய இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பெட்ரோலை முழுசாக நிறுத்திவிடும். சக்கரமே இன்ஜினைச் சுற்றிக்கொண்டு வரும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் ஊற்றியாக வேண்டும். ஆக, மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவு செய்கிறீர்கள். அதோடு இன்ஜினின் பிடி இல்லாமல் முழுப் பாரமும் பிரேக்மேல். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போன வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள்.

கேள்வி: ஃபுல் டேங்க் போட்டால் வண்டி கனத்து மைலேஜ் குறையுமாமே? நான் எப்போதும் அரை டேங்க்தான் போடுகிறேன்.

பதில்: 20 லிட்டர் பெட்ரோல் 15 கிலோவுக்குள். 45 கிலோ ஏற்றினால் மைலேஜ் 1 சதவீதம் அளவுக்குக் குறையும் என்பது பொதுவான கணக்கு. ஆக, நீங்கள் மிச்சம் பிடிப்பது 0.3 சதவீதம். கூடுதலாக ஒரு தடவை பங்க்குக்குப் போய் வரிசையில் நின்றதில் அது போயே போச்சு. டிக்கியைத் திறந்து பாருங்கள், 15 கிலோ அங்கேயே கிடைக்கும். அதைவிட முக்கியம், டயரில் காற்று. மாதம் ஒருதரமாவது பாருங்கள், வண்டி ஓடிச் சூடாகும் முன்.

கேள்வி: அதிகாலையில் குளிர்ந்த நேரத்தில் போட்டால் பெட்ரோல் அடர்த்தியாக, அதிகமாகக் கிடைக்குமா?

பதில்: பங்க்கின் டேங்க் நிலத்துக்கு அடியில் இருக்கிறது. அங்கே காலைக்கும் மாலைக்கும் சூடு பெரிதாக மாறாது. தூங்குங்கள்.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு மைலேஜ் குறைவது என் பிரமையா?

பதில்: பிரமை இல்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 10 சதவீதம் கலந்தால் மைலேஜ் 3 சதவீதம் அளவுக்குக் குறையும். 16 தந்த வண்டி 15.5 தரும். 12க்கு இறங்கிவிட்டது என்றால் பழியை எத்தனால்மேல் போடாதீர்கள், பிரேக் இழுத்துப் பிடிக்கிறதா, ஏர் ஃபில்டர் என்ன கதி என்று பாருங்கள்.

கேள்வி: ஒரு டேங்க்கில் அதிகபட்சம் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள்?

பதில்: எனக்குப் பிடித்தது 2012இல் ஆஸ்திரேலியத் தம்பதி ஜான் டெய்லரும் ஹெலன் டெய்லரும் அமெரிக்காவில் செய்தது. ஃபோக்ஸ்வேகன் பஸாத் டீசல் காரில் ஒரே டேங்க்கில் 1,626 மைல், அதாவது 2,600 கிலோமீட்டருக்கு மேல். லிட்டருக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் வந்தது. வண்டியில் மந்திரம் எதுவும் இல்லை, கடையில் விற்கும் வண்டிதான். அதிகாரப்பூர்வமாக அதற்குச் சொல்லப்பட்ட நெடுஞ்சாலை மைலேஜ் இதில் பாதியளவுதான். மீதிப் பாதி இருவரின் வலது காலில் இருந்தது.

கேள்வி: பங்க்குக்குப் போனால் எந்தப் பக்கம் மூடி என்று தினமும் குழப்பம். வண்டி வாங்கி நாலு வருஷம் ஆகிறது, வெளியில் சொன்னால் வெட்கம்.

பதில்: பெட்ரோல் முள்ளுக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். அது காட்டும் பக்கம்தான் மூடி. 1986இல் ஃபோர்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜிம் மொய்லன் என்பவர், தப்பான பக்கம் நிறுத்தி மழையில் நனைந்தபிறகு எழுதிக் கொடுத்த யோசனை அது. அந்த நிறுவனத்துக்காரருக்கே குழப்பம் என்றால் உங்களுக்கு என்ன வெட்கம்?

கேள்வி: போன இதழில் ‘வண்டி சும்மா நின்று ஓடினால் மணிக்கு அரை லிட்டர்’ என்று எழுதியிருந்தீர்கள். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன். ஏசி இல்லாமல் 0.7, ஏசியோடு 1.2 காட்டுகிறது. தங்கள் கணக்கு தவறு என்று பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

பதில்: பணிவு தேவையே இல்லை, தவறுதான். கடிதம் வந்த மறுநாள் காலையில் நானும் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்தேன். என் வண்டி கொஞ்சம் பெரிய இன்ஜின்: ஏசி இல்லாமல் 0.8, ஏசியோடு 1.3. பழைய சின்ன வண்டி ஒன்றில் எப்போதோ எடுத்த எண்ணை நினைவிலிருந்து எழுதிவிட்டேன், நோட்டைப் புரட்டவில்லை. போன இதழை எடுத்து வைத்திருப்பவர்கள் ‘அரை லிட்டர்’ என்ற இடத்தை அடித்துவிட்டு, ‘முக்கால் லிட்டர், ஏசி போட்டால் ஒரு லிட்டருக்கு மேல்’ என்று பேனாவால் திருத்திக்கொள்ளுங்கள்.